கிளியும் செம்பருத்தியும் போட்ட துணி

பாஞ்சாலிக்குக் கோபம் வந்தது துணியின் மேல்தான். நாற்காலியின் மேல் வரவில்லை. நாற்காலி, பாவம், என்ன செய்யும்? துரை யாரோ பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு சீமைக்குக் கப்பல் ஏறிய வருஷம் அது ஏலத்துக்கு வந்தது. அதற்கப்புறம் பத்து வருஷமாக யார் யாரையோ சுமந்து, ஸ்பிரிங் ஒடிந்து, நடுவில் நார் பிதுங்கி, பெங்களூர் அல்சூரில் அவள் வீட்டு வாசலில் கைவண்டியிலிருந்து இறங்கி நின்றது. வண்டிக்காரன் பின்னாலேயே ஒரு காகிதப் பொட்டலத்தையும் எடுத்து நீட்டினான். அவள் அதைப் பிரித்து, துணியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல் சோற்றுத் தட்டு அகலத்துக்குச் செம்பருத்திப் பூக்கள். சும்மா சிவப்பில்லை, கண்ணைக் குத்துகிற சிவப்பு. இரண்டு பூவுக்கு நடுவே ஒரு பச்சைக் கிளி, ஏதோ பேச வாயெடுத்தது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு. இப்படியும் ஒரு துணியை அச்சடிப்பானா ஒருவன்? அச்சடித்தாலும் அதைப் பம்பாயிலிருந்து தூக்கிக்கொண்டு வருவாளா ஒருத்தி? கட்டிக்கொண்டு தெருவில் போனால் மாடு துரத்தும்!

"இன்னா துணி?" என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்தான் முனிராஜ். அவளுடைய புருஷன். ஆதிகேசவன் கடையில் இருபது வருஷமாகக் குஷன் மேஸ்திரி. சோபா, நாற்காலி, மோட்டார் வண்டி சீட்டு, எதுவானாலும் பழைய தோலை உரித்துப் புதுத் தோல் போடுகிறவன்.

"பூப் போட்டிருக்குதுய்யா."

"சின்னப் பூவா, பெரிய பூவா?"

"பெரிய பூ. கிளி வேற."

முனிராஜ் துணியை விரலால் நிரடிப் பார்த்தான். கெட்டிப் பருத்தித் துணி, முரட்டு நெசவு. அவன் ஒரே இடத்தையே நிரடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பாஞ்சாலிக்குத் துணியின் மேலிருந்த கோபம் இரண்டு பங்காயிற்று.

விஷயம் இதுதான். ஒரே நிறத்து ரெக்சின் என்றால் முனிராஜ் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான். வாய் நிறையக் குட்டி ஆணிகளை அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, சுத்தியின் காந்த முனையில் ஒட்டவைத்து டக், டக்கென்று இறக்குவான். எல்லாம் விரலும் நாக்கும் செய்கிற வேலை. ஆனால் பெரிய பூப் போட்ட துணி அப்படியில்லை. ஒரு பூ சாய்மானத்துக்கு நட்டநடுவில் உட்கார வேண்டும். அதே வரிசையில் அடுத்த பூ ஆசனத்துக்கு நடுவில். இரண்டு கைப்பிடிக்கும் இரண்டு கிளி, நேராக நின்று. ஒரு விரற்கடை நகர்ந்தாலும் உள்ளே நுழைகிறவன் கண்ணில் முதலில் அதுதான் படும். அது கண்ணால் செய்கிற வேலை. முனிராஜுக்குக் கண்தான் தகராறு.

ஒரு வருஷமாகவே தகராறு. முதலில் புகை மாதிரி தெரிகிறது என்றான். அப்புறம் வாசற்படி தட்டிற்று. பெரிய கண்ணாஸ்பத்திரிக்குப் போனான். அதுவும் தனியாகத்தான் போனான். நானும் வருகிறேன் என்று அவள் கிளம்பியபோது, "நீ வந்தா டாக்டருக்கே வைத்தியம் சொல்லிக் குடுப்ப, வூட்ல இரு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். திரும்பி வந்து, புரை என்றான். இன்னும் பழுக்கவில்லையாம். பழுத்த பிறகுதான் எடுப்பார்களாம். எடுத்து ஒரு கண்ணாடி போட்டுவிட்டால் பழைய கண். அதுவரைக்கும் கோடு கீடெல்லாம் கலங்கும், கலர் மட்டும் தெரியும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னான். எப்போது பழுக்கும் என்று அவள் குடைந்து குடைந்து கேட்டதில், "தையில பழுக்கும்னாரு" என்றான்.

அன்றிலிருந்து பாஞ்சாலிக்குத் தை மாதம்தான் பேச்சு. அரிசி களையும்போதும் தை, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கும்போதும் தை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் எதிர்பார்க்க வேறென்ன இருக்கிறது? தை பிறக்கிற வரைக்கும் அவன் வேலையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கண் திரும்பிவிட்டால் அப்புறம் அவனை அசைக்க எவனாலும் ஆகாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் இந்த மூன்று மாதம்.

ஆனால் ஆதிகேசவனும் சோறு தின்கிறவர்தானே? இரண்டு நாற்காலி கோணலாக இருக்கிறதென்று திரும்பி வந்த பிறகு, போன வாரம் சாப்பாட்டுத் தூக்கோடு போனவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, உன் வூட்டுக்காரனுக்கு இன்னாதான் பேஜாரு? கேட்டா தூக்கமில்லன்றான். பேசாத இருக்கறான். பாரு, இன்ஜினியர் சீனிவாசராகவன் வூட்டு நாற்காலி ஒண்ணு வருது. அந்த வூட்டம்மாவுக்குத் தீபாவளிக்கு வேணுமாம், துணியும் அவங்களே பம்பாயிலேருந்து எடுத்தாந்து குடுத்திருக்காங்க. இது சுத்தமா வந்துட்டா நான் வாயே தொறக்கமாட்டேன். இதுவும் கோணிச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கணும். நானும் கட நடத்தணும் இல்ல?" என்றார். கடையில் ஒரே சத்தம், வீட்டில் வைத்துச் செய்கிறேன் என்று முனிராஜ் கேட்டதற்கு மட்டும் புருவத்தைத் தூக்கிவிட்டு, சரி என்றார்.

அந்த நாற்காலிதான் வந்து நிற்கிறது. அதற்கு வாய்த்த துணிதான் இது.

"இன்னாய்யா பண்ணப் போற?" என்றாள் பாஞ்சாலி.

"பண்ணிடலாம்."

"எப்டி பண்ணுவ? உனக்குத்தான் கோடு தெரியாதே."

"செவப்பு தெரியுது. பச்சை தெரியுது. தடவித் தடவிப் பண்ணிடுவேன், உடு."

அவளா விடுவாள்? ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தவள், விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து சொன்னாள். "நான் ஒவ்வொரு பூவுக்கும் நடுவுல வெள்ள நூலால ஒரு முடிச்சுப் போட்டுத் தர்றேன். கிளி தல இருக்கற பக்கம் ரெண்டு முடிச்சு. நீ விரலால தேடிக் கண்டுபுடிச்சுப் பொருத்திக்க. அடிச்சு முடிச்சதும் பிளேடால முடிச்ச அறுத்துடு. எந்த மொதலாளிக்குத் தெரியப் போவுது?"

முனிராஜ் அவள் குரல் வந்த பக்கம் திரும்பி வெகுநேரம் சிரித்தான். "உன்னையே கடைக்கு மேஸ்திரியா அனுப்பிடலாம்டீ" என்றான். அவன் அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று! பாஞ்சாலிக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு ஒரு கை கூடிப்போனதைக்கூட இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் அவன் நாற்காலியை உரித்தான். பழைய ஆணிகளைப் பிடுங்கினான், அடிப்பட்டைகளை இழுத்துக் கட்டினான், ஸ்பிரிங்குகளைச் சணலால் முடிந்தான், கோணி போட்டான், தேங்காய் நாரை உதறி உதறிப் பரப்பி மேலே பஞ்சு வைத்தான். அவள் தையல் மிஷினிலிருந்து அவ்வப்போது திரும்பிப் பார்ப்பாள். அந்தக் கைகளில் ஒரு தடுமாற்றம் இருக்க வேண்டுமே! இல்லை. ஆசனம் இட்லி மாதிரி உப்பி வந்தது. தப்பித்துவிடுவோம் என்று அவளுக்கு நம்பிக்கை வந்ததே அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒக்கலிபுரத்திலிருந்து தங்கை காந்தாவின் புருஷன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். காந்தாவுக்கு வலி எடுத்துவிட்டது. எட்டாம் மாதத்திலேயே எடுத்துவிட்டது. வீட்டில் பெண் துணை இல்லை, அக்கா உடனே வரவேண்டும். பாஞ்சாலி பதறிப் போனாள். சோற்றை வடித்து வைத்தாள், பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்து அவசர அவசரமாகத் துணியை விரித்தாள். முனிராஜ் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பூவாக, ஒவ்வொரு கிளியாக, கை தன்பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே போயிற்று. பதினைந்து வருஷம் ஜாக்கெட் தைத்த கை, அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முடித்து, மடித்து, நாற்காலி மேல் வைத்தாள்.

"முடிச்செல்லாம் போட்டாச்சுய்யா. எண்ணி எண்ணிப் போட்டிருக்கேன். துணிய வெட்டும்போது ஜாக்கிரத, மூணரை கெஜந்தான் இருக்குது. வேற துணி கெடைக்காதாம்."

"நீ மொதல்ல கெளம்பு. பஸ்ஸு போயிடப் போவுது" என்றான் தலையைத் துவட்டிக்கொண்டே.

காந்தா பிழைத்தது மறுபிழைப்பு. குழந்தை பெண், எலிக்குஞ்சு மாதிரி இருந்தாலும் அழுகைக்குக் குறைச்சலில்லை. மூன்று நாள் அங்கே ஓடியாடிவிட்டு, புதன்கிழமை பஸ் பிடித்து, பத்தரை மணிக்குப் பாஞ்சாலி வீட்டுப் படியேறினாள். ஆதிகேசவன் பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

முனிராஜ் சவரம் பண்ணிக்கொண்டு, தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தான். நாற்காலி ஜன்னலுக்கு நேராக இருந்தது, மேலே ஒரு போர்வை போர்த்தியிருந்தது.

"காந்தா எப்டி கீறா?"

"நல்லாருக்கா. பொம்பளப் புள்ள. நாற்காலி ஆச்சா?"

"ஆச்சாவா! நேத்து சாயங்காலமே ஆச்சு. முடிச்சுகூட அறுத்தாச்சு. இங்க வந்து நில்லு." அவளைத் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, கல்யாண வீட்டில் திரை விலக்குகிறவன் மாதிரி போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தான். "பாரு! அந்தச் செவப்பு எப்டி தூக்கிக் குடுக்குது பாரு!"

பாஞ்சாலி பார்த்தாள்.

நாற்காலி சாம்பல் நிறத்தில் இருந்தது. அடுப்பங்கரைப் பிடிதுணி மாதிரி ஒரு சாம்பல். அதில் அங்கங்கே பழுப்பாக, கறை படிந்தாற்போல வட்டம் வட்டமாக ஏதோ தெரிந்தது. உற்றுப் பார்த்தால் பூ, இன்னும் உற்றுப் பார்த்தால் கிளி. துணியின் உள்பக்கம் வெளியே இருந்தது. நாற்காலி முழுக்க, சாய்மானம், ஆசனம், கைப்பிடி, ஓரம் எல்லாம், துணி உள்வெளியாகப் போர்த்தப்பட்டிருந்தது.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. ஜாக்கெட் தைக்கிறவள் எந்தத் துணிக்கும் அடையாளத்தை உள்பக்கத்தில்தான் போடுவாள். சாக்குக்கட்டிக் கோடும் உள்பக்கம், நூல் முடிச்சும் உள்பக்கம். நல்ல பக்கத்தை உள்ளே வைத்துத்தான் மடிப்பாள். அவளும் அப்படித்தான் செய்திருந்தாள். குஷன் வேலைக்காரனோ நல்ல பக்கத்தை மேலே வைத்துத்தான் எதையும் அளப்பான். பூவைப் பார்த்துத்தானே அடிக்க வேண்டும்! முடிச்சு எந்தப் பக்கம் உறுத்துகிறதோ அதுதான் மேல்பக்கம் என்று அவன் எடுத்துக்கொண்டான். எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை. அவரவர் தொழிலில் அது கேட்கிற கேள்வியே இல்லை. அச்சுத் துணி, தடவிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். கண்ணால் பார்த்தால்தான் வித்தியாசம்.

கண்ணால் பார்த்தால்! அங்கேதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. கலர் தெரியும் என்றானே? அந்தச் சிவப்பு, குருடனைக்கூடக் கூப்பிடுகிற சிவப்பு, மூன்று நாள் அவன் மூக்குக்குக் கீழே இல்லாமல் போயிருக்கிறது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

"இன்னா, பேச்சே காணோம்?" என்றான் முனிராஜ். அவன் முகம் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நல்லாருக்குதுய்யா" என்றாள் பாஞ்சாலி.

பாவி, வேலை என்னமாய் இருந்தது! பூ நட்டநடுவில். இரண்டு கைப்பிடியிலும் இரண்டு கிளி, ஒன்றுக்கொன்று நூல் பிடித்தாற்போல. மூலைகளில் ஒரு சுருக்கம் இல்லை. ஓரத்துக் கறுப்பு நாடா வளையாமல் நெளியாமல் ஓடிற்று. இருபது வருஷத்தில் அவன் செய்த நாற்காலிகளிலேயே இதுதான் சுத்தம். அவளுக்குத் தலையிலடித்துக்கொண்டு அலறவேண்டும் போலிருந்தது.

பிரித்துப் போடலாமா? நானூறு ஆணி. அரைமணி நேரம்தான் இருக்கிறது. துணியும் வளைவுக்கு வளைவு வெட்டியாகிவிட்டது. சரி, நான்தான் தப்புப் பண்ணினேன் என்று அவனிடம் சொல்லிவிடலாமா? சொல்லலாம். தப்பு அவளுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சொன்னால், உனக்குத் துளிக்கூடக் கண் தெரியவில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வதாகத்தானே ஆகும்? தன் தலையில் பழியைப் போட்டுக்கொள்ளக்கூட வழியில்லாமல் போய்விட்டதே என்று அவளுக்குத் தாங்கவில்லை. போர்வையை எடுத்து மறுபடி மூடப் போனாள். வாசலில் கைவண்டியின் சத்தம் கேட்டது.

ஆதிகேசவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்தார். "இன்னா முனிராஜு, இன்னும் அடித்துணியிலதான் நிக்கறியா? மேல் துணி எங்க?"

முனிராஜ் சிரித்தான். "இன்னா மொதலாளி, வந்ததும் கிண்டலா?"

ஆதிகேசவன் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். கைப்பிடியின் அடியில் விரலை விட்டுத் துணியின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்தார். உள்ளே மறைந்திருந்த கறுப்பும் சிவப்பும் எட்டிப் பார்த்தன. நிமிர்ந்து பாஞ்சாலியைப் பார்த்தார்.

"என் தப்பு மொதலாளி!" பாஞ்சாலிக்கு வார்த்தை கொட்டிற்று. "நான்தான் முடிச்சுப் போட்டுக் குடுத்தேன். ஜாக்கெட்டுக்குப் போடற மாதிரி உள்பக்கமாப் போட்டுட்டேன். அவரு அத நம்பி அடிச்சிட்டாரு. தங்கச்சி வூட்டுக்குப் போற அவசரத்துல புத்தி கெட்டுப் போச்சு மொதலாளி. அவரு மேல ஒண்ணுமில்ல. உங்க கால்ல வேணா வுழறேன்."

"உன் தப்புன்னே வெச்சுக்கம்மா" என்றார் ஆதிகேசவன். குரலை உயர்த்தவில்லை. "ஆணி அடிச்சது யாரு? நானூறு ஆணி அடிச்சிருக்கறான். ஒரு ஆணிக்குக்கூடவா பூ வெளுத்திருக்குதுன்னு கண்ணுல படல?"

முனிராஜ் மெதுவாகக் கையை நீட்டி ஆசனத்தைத் தொட்டான். உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்தான். புறங்கையால் தேய்த்தான். மறுபடியும் தேய்த்தான். தேய்த்தால் தெரிகிற சமாசாரமா அது?

"வேணும்னுதான் மொதலாளி அப்டிப் போட்டேன்" என்றான். "அந்தத் துணி ரொம்ப அடிக்கற கலரு. அல்லாம் வெளுத்தாப்பல இருந்தாத்தான் இப்ப பேஷன்னு..."

"முனிராஜு."

"அந்தம்மா கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"முனிராஜு, இங்க பாரு. இது எத்தன விரல்?"

ஆதிகேசவன் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். பாஞ்சாலி புருஷனுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் நின்றிருந்தாள். அவளுடைய கை தானாகப் போய் அவன் முழங்கையைப் பற்றிற்று. இரண்டு தடவை அழுத்தினாள்.

"ரெண்டு" என்றான் முனிராஜ்.

ஆதிகேசவன் நாலு விரலை நீட்டினார். பாஞ்சாலி நாலு தடவை அழுத்தினாள்.

"நாலு" என்றான். முகத்தில் லேசாகத் தெம்பு வந்தது. "இன்னா மொதலாளி, சின்னப் புள்ளைக்குப் பாடம் நடத்தறாப்பல."

ஆதிகேசவன் விரல்களையெல்லாம் மடக்கினார். வெறும் முஷ்டியை அவன் முன்னால் நீட்டினார். "இப்ப?"

பாஞ்சாலி விழித்தாள். ஒன்றுமில்லை என்பதை எப்படி அழுத்துவது? அவள் விரல்கள் முழங்கையின் மேல் அப்படியே உறைந்து நின்றன. முனிராஜ் காத்திருந்தான். தலையை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்து, அந்த அழுத்தம் வரும் வரும் என்று காத்திருந்தான். நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாகத் துளிர்த்தது. கடைசியில், அவள் அழுத்தினதைத்தான் தவறவிட்டோம் என்று நினைத்தானோ என்னவோ, "மூணு" என்றான்.

ஆதிகேசவன் கையைக் கீழே போட்டார். அந்த மனிதரைக் குறை சொல்லி என்ன ஆகிவிடப் போகிறது? நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பாஞ்சாலி பதிலுக்கு ஒரு பாட்டம் சண்டை போட்டிருப்பாள், மனசு ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. முனிராஜின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "நாற்காலிய நான் எடுத்துனு போறேன். அந்தம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். கடையில கெடக்கற உன் சுத்தி, ஊசி அல்லாம் நாளைக்கு ஆள் கிட்ட அனுப்பி வெக்கறேன்" என்றார். சுத்தியும் ஊசியும் வீட்டுக்கு வருகிறதென்றால் என்ன அர்த்தமென்று மூன்று பேருக்கும் தெரியும். வண்டிக்காரன் நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனான். வண்டி தெருக்கோடி திரும்பும் வரைக்கும் பாஞ்சாலி வாசலிலேயே நின்றாள்.

திரும்பி வந்தபோது முனிராஜ் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கையிரண்டும் மடியில் கிடந்தன. சுத்தி இல்லாமல் அந்தக் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே அவனுக்குத் தெரியாதது போலிருந்தது.

"போனாப் போவுது உடு" என்றாள் பாஞ்சாலி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஊர்ல இந்த ஒரு கடதானா? தை பொறக்கட்டும். புரையப் பழுக்க வெச்சு எடுத்துட்டுக் கண்ணாடி போட்டுக்கினு போய் நின்னீன்னா இவரே வந்து மேஸ்திரி மேஸ்திரின்னு பின்னால சுத்தலன்னா என்னக் கேளு. மூணு மாசந்தானே? நாலு ஜாக்கெட் கூடத் தெச்சா ஓடிடும். நான் இல்லையா?"

"பாஞ்சாலி."

"கலர் தெரியலன்னா புரை நல்லா முத்திடுச்சின்னு அர்த்தம். அதுவும் நல்லதுக்குத்தான். சீக்கிரமா எடுத்துடுவாங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம். இந்தத் தடவ நானும் வருவேன், நீ இன்னா சொன்னாலும் கேக்கமாட்டேன்."

"பாஞ்சாலி, புரை இல்ல."

"இன்னா?"

"புரையே இல்ல. கண்ணுக்குப் பின்னால நரம்பு இருக்குதாம். அது செத்துப்போச்சாம். மாசியிலயே டாக்டர் சொல்லிட்டாரு. ஆபரேஷனும் இல்ல, கண்ணாடியும் இல்ல. கொஞ்ச நஞ்சம் தெரியறதும் போயிடும்னாரு. போயிடுச்சு."

பாஞ்சாலி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாசி. பங்குனி, சித்திரை என்று விரல் தன்பாட்டுக்கு மடங்கிக்கொண்டு போய் ஐப்பசியில் நின்றது. எட்டு மாதம்! அவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ, எட்டி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள்.

"எட்டு மாசமாய்யா! எட்டு மாசமா நான் பைத்தியக்காரி மாதிரி தை, தைன்னு சொல்லிக்கினு திரியறேன். பாக்கற சாமிக்கெல்லாம் வேண்டிக்கறேன். கேட்டுக்கினு சும்மா இருந்தியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அவள் உலுக்கின பக்கமெல்லாம் அவன் ஆடினான். தடுக்கவில்லை. அவள் ஓய்ந்த பிறகு சொன்னான். "சொல்லணும்னுதான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தேன். நீ வாசல்ல நின்னுக்கினு, புரைதானே, எடுத்தாப் போயிடும்தானேன்னு கேட்ட. ஆமான்னுட்டேன். அப்பறம் தெனம் நீ சொல்லச் சொல்ல, எனக்கே நெசம் மாதிரி ஆயிடுச்சு. தை வந்தா வந்துடும்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன் பாஞ்சாலி."

பக்கத்து வீட்டில் யாரோ வானொலியைத் திருகினார்கள். கன்னடத்தில் ஒரு குரல் கொஞ்சநேரம் என்னவோ சொல்லிவிட்டு அடங்கியது.

"கலர் எப்ப போச்சு?" என்றாள்.

"ஆடியில."

"என் மொகம்?"

"அது மொதல்லயே போயிடுச்சு. சித்திரையில" என்றான்.

சித்திரையிலிருந்து அவள் எத்தனை தடவை அவன் முன்னால் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு நின்றிருப்பாள்! போன மாதம் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தபோது, அந்த நீலம் உனக்கு எடுப்பா இருக்குது என்றானே! கடையில் வாங்கும்போது நீலம் நீலம் என்று அவள் வாயே ஓயாமல் பேசியதைத்தான் அவன் திருப்பிச் சொல்லியிருக்கிறான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவன் முன்னால் அவள் அழுததில்லை. அழுகை வந்தால் அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள், புகை மேல் பழியைப் போட்டுவிடுவாள். இப்போதும் பழக்கத்தில் எழுந்திருக்கப் போனாள்.

எழுந்திருக்கவில்லை. எதற்கு எழுந்து போக வேண்டும்? அவனுக்கு எதிரே, ஒரு முழ தூரத்தில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள். பல்லைக் கடித்துச் சத்தத்தை மட்டும் நிறுத்திக்கொண்டாள். கண்ணீர் அதுபாட்டுக்குக் கன்னத்தில் வழிந்து, மோவாயில் சொட்டி, ரவிக்கையை நனைத்தது. அதை அவள் துடைக்கவும் இல்லை. முனிராஜ் அவள் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா, பேசமாட்டேன்ற?" என்றான் கொஞ்சநேரம் கழித்து. "கோவமா?"

அவள் எச்சிலை விழுங்கிக் குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"கோவந்தான்யா. பின்ன இருக்காதா?" என்றாள்.

"கோவம்னா சரி" என்றான் முனிராஜ். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "நீ அழுவியோன்னுதான் பயந்துக்கினு இருந்தேன்."